கணினி மொழியில் பொருளும் வகையும்

சொற்களைப் பெயர் என்றும் வினை என்றும் பகுத்துக் காண்பது தமிழிலக்கணத்தின் அடிப்படை. பெயர் பொருளைக் குறிக்கும். வினை அப்பொருளின் தொழிலைக் குறிக்கும். வினையின் ஒரு கூறாகிய ஏவல், முன்னிற்பாரை ஒரு தொழிலிற் செலுத்துவது. கணினிக்கென மனிதன் ஆக்கிய தொடக்கக்கால மொழிகள் பெரும்பாலும் ஏவல்களால் ஆனவையே. 'கூட்டு', 'கழி', 'ஒப்பிடு', 'அச்சிடு' என ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் செல்வதே நிரல் எழுதுதல் எனப்பட்டது.

பின்னர் அந்நெறியில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்தது. 'என்ன செய்வது?' என்று வினவுமுன், 'இங்கு எவை எவை உள்ளன?' என்று வினவுதல் வேண்டும் என்னும் கருத்து எழுந்தது. ஏவலுக்கு முன்னே பெயர் வந்து நின்றது. அம்மாற்றத்தின் பயனாக விளைந்ததே 'பொருள்நோக்கு நிரலாக்கம்' என்பது. வங்கிக் கணக்கு முதல் கைப்பேசி வரை இன்று புழங்கும் நிரல்களுள் மிகப் பல இந்நெறியில் எழுதப்பட்டவை. மாணவர்க்குக் கணினிக்கல்வி இன்றியமையாததாகிவிட்ட இக்காலத்தில், இந்நெறி எங்குத் தோன்றியது, அதன் கருத்துகள் யாவை, அதன் எல்லை எது என்பவற்றை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஏவல் நெறியும் அதன் இடர்ப்பாடும்

ஒரு ரப்பர்த் தோட்டத்தின் சம்பளக் கணக்கைக் கணினியில் ஏற்றவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய நெறிப்படி, தொழிலாளர் பெயர்கள் ஒரு பட்டியலிலும், அவர்கள் வேலை செய்த நாள்கள் வேறொரு பட்டியலிலும், கொணர்ந்த பாலின் எடை மற்றொரு பட்டியலிலும் வைக்கப்படும். இவற்றைக் கொண்டு கணக்கிடும் ஆணைகள் தனியே நிற்கும். செய்தி ஓரிடம், செயல் ஓரிடம் என இரண்டும் பிரிந்து கிடக்கும். 1957-இல் ஜான் பேக்கசு தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி இத்தகையது. அறிவியல் வாய்பாடுகளைக் கணக்கிடுவதற்கென ஆக்கப்பட்ட அம்மொழிக்கு அம்முறை பொருத்தமாகவே இருந்தது.

நிரல் சிறிதாயின் இதனால் இடரொன்றுமில்லை. அது பல்லாயிரம் வரிகளாகப் பெருகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பால்மரம் வெட்டுவோர்க்கு ஒரு சம்பள முறை. களையெடுப்போர்க்கு வேறொரு முறை. எனவே, 'இவர் மரம் வெட்டுபவராயின் இவ்வாறு செய். களையெடுப்பவராயின் அவ்வாறு செய்' என்று நிரல் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். சம்பளம் கணக்கிடும் இடத்திலும் இக்கேள்வி. விடுமுறை கணக்கிடும் இடத்திலும் இக்கேள்வி. தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குலை வெட்டுவோர் புதிதாகச் சேர்ந்தால், அக்கேள்வி உள்ள இடம் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் திருத்துதல் வேண்டும். ஓரிடம் தவறினாலும் யாரோ ஒருவருடைய சம்பளம் தவறிவிடும். எந்த ஆணையும் எந்தப் பட்டியலையும் மாற்றலாம் என்ற நிலை இருப்பதால், தவற்றின் ஊற்றுக்கண்ணைக் கண்டறிதலும் அரிது.

நோர்வேயில் தோன்றிய நெறி

இந்த இடர்ப்பாட்டிற்குத் தீர்வு கண்டவர்கள் நோர்வே நாட்டு அறிஞர் இருவர். ஒருவர் கிறிஸ்தன் நைகார்டு. மற்றவர் ஓலெ யோகான் டால். நைகார்டு 1948 முதல் நோர்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். 1960-இல் ஆசுலோ நகரிலுள்ள நோர்வே கணிப்பு நிலையத்திற்கு மாறினார். மனிதரும் பொறிகளும் சேர்ந்து இயங்கும் பேரமைப்புகளைக் கணினியில் மாதிரியாக இயக்கிப் பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. வரிசையில் நிற்போர் எத்தனை நேரம் காத்திருப்பர், எவ்விடத்தில் நெருக்கடி உண்டாகும் என்பன போன்ற கேள்விகளுக்கு விடை காண்பது அதன் நோக்கம்.

இத்தகைய மாதிரிக்கு வெறும் ஆணைகள் போதா. அமைப்பில் யார் யார் உளர், எவை எவை உள, ஒவ்வொன்றும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்று முதலில் விவரித்தல் வேண்டும். ஆகவே ஓர் அமைப்பை விவரிப்பதற்கும், அதனைக் கணினியில் இயக்குவதற்கும் ஒருசேரப் பயன்படும் மொழியொன்றை ஆக்க இருவரும் முனைந்தனர். அதன் பெயர் சிமுலா. அதன் முதற்பதிப்பு 1965-இல் யூனிவாக் 1107 என்னும் கணினியில் செயற்படலாயிற்று.

அதன் பின்னரே முதன்மையான கருத்துப் பிறந்தது. பாலம் ஒன்றின் சுங்கச் சாவடியில் சரக்குந்துகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்கும் காட்சியை அவ்விருவரும் மாதிரியாக ஆராய்ந்தனர். சரக்குந்து வேறு, பேருந்து வேறு. ஒன்றில் சரக்கு உண்டு, மற்றதில் பயணிகள் உண்டு. ஆயினும் வரிசையில் நிற்றல் முதலிய பண்புகள் இரண்டிற்கும் பொது. அப்பொதுப் பண்புகளை ஒருமுறை மட்டும் எழுதி, சிறப்புப் பண்புகளை அதன்மேல் சேர்த்தால் என்ன என்பதே அவர்கள் கண்ட வழி. ஆங்கிலேய அறிஞர் டோனி ஓர் 1966-இல் ஆற்றிய விரிவுரைகளும் இதற்குத் தூண்டுதலாயின. 1967-இல் வெளிவந்த 'சிமுலா 67' என்னும் மொழியில் 'பொருள்', 'வகை', 'உள்வகை' என்னும் கருத்துகள் நிலைபெற்றன.

நான்கு கருத்துகள்

இந்நெறியின் அடிப்படைகளை முன்னர்க் கூறிய தோட்டத்தைக் கொண்டே விளக்கலாம்.

முதலாவது, பொருளும் வகையும். 'தொழிலாளி' என்பது வகை. இன்னாருடைய பெயர், இன்ன எண், இத்தனை நாள் வேலை என்று தனித்தனியே நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு பொருள். வகை என்பது வார்ப்பச்சு. பொருள் என்பது அவ்வச்சில் வார்த்த உரு. ஒரு வகையை வரையறுக்கும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை கூறவேண்டும். இவ்வகைப் பொருளிடம் உள்ளவை யாவை? இவ்வகைப் பொருள் செய்யக்கூடியவை யாவை? 'தொழிலாளி'யிடம் உள்ளவை பெயர், எண், வேலை நாள்கள். செய்யக்கூடியவை வருகையைப் பதிதல், சம்பளத்தைக் கணக்கிடுதல். பிரிந்து கிடந்த செய்தியும் செயலும் இங்கு ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிப் பாடநூல்கள் இதனை 'இனக்குழு' என்று வழங்குகின்றன. 'வகுப்பு' என்பாரும் உளர். வகுப்பு என்பது பள்ளியறையையும், இனம் என்பது மக்களினத்தையும் நினைவூட்டுவதால், இளம் மாணவர்க்கு 'வகை' என்று கூறித் தொடங்குவது எளிது.

இரண்டாவது, பொதிவு. பாடநூல்கள் இதனை 'உறைபொதியாக்கம்' என்னும். ஒரு பொருளின் உட்செய்தியைப் பிற பகுதிகள் நேரே தொட்டு மாற்ற விடாது, அப்பொருளையே கேட்டுப் பெறுமாறு செய்வது இது. சம்பளப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம் என்றால் கணக்கு நிலைக்காது. கிராணியிடம் கேட்டே எழுதவேண்டும், அவரும் விதிப்படி சரிபார்த்தே எழுதவேண்டும் என்றால் தவறு குறையும். தவறு நேரினும் எங்கு நேர்ந்தது என்பது விளங்கும்.

மூன்றாவது, மரபுரிமை. 'தொழிலாளி' என்னும் பொதுவகையிலிருந்து 'மரம் வெட்டுபவர்', 'களையெடுப்பவர்' என்னும் உள்வகைகளைப் பெறலாம். பெயர், எண், வருகை ஆகிய பொதுவானவற்றை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. மரம் வெட்டுபவருக்குரிய பாலின் எடையை மட்டும் புதிதாகச் சேர்த்தாற் போதும். மரபுரிமை என்றவுடன் தந்தையின் நிலம் மக்களுக்குப் பங்காவதைக் கருதலாகாது. அங்கே பங்கிடப் பங்கிடச் சொத்துக் குறையும். இங்கே எத்தனை உள்வகைகள் பெற்றாலும் பொதுவகை குறைவதில்லை. பெற்றோரின் சாயல் பிள்ளைகள் அனைவர்க்கும் வருதல் போன்றது இது.

தமிழாசிரியர்கள் இக்கருத்தை மாணவர்க்கு விளக்கத் தொல்காப்பிய மரபியல் ஒரு நல்ல உவமையைத் தருகிறது. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் அந்நூல், புல்லும் மரமும் தொடுவுணர்வு மட்டும் உடையன என்னும். அடுத்த படியில் சுவை சேரும், அதற்கடுத்து மூக்கு, பின் கண், பின் செவி, முடிவில் மனம். ஒவ்வொரு படியும் தனக்கு முந்தியவற்றின் அறிவுகள் அனைத்தையும் உடையதாய், மேலும் ஒன்றைப் பெற்றிருக்கிறது. முன்னதை ஏற்றுப் பின்னதைக் கூட்டும் இவ்வடுக்கே மரபுரிமையின் வடிவம். கணினிக் கருத்து தொல்காப்பியத்திற் கூறப்பட்டது என்று இதனாற் கொள்ளுதல் கூடாது. பகுத்தறியும் மனம் எக்காலத்தும் எந்நாட்டும் ஒத்த வழிகளை நாடும் என்பதே இதிலிருந்து பெறத்தக்கது.

நான்காவது, பல்லுருவாக்கம். பழைய தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டு நடைபெறும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கங்காணி 'வேலைக்குப் போங்கள்' என்று ஒரே சொல்லால் அனைவரையும் அனுப்புவார். மரம் வெட்டுபவர் கத்தியும் வாளியும் கொண்டு தம் நிரைக்குச் செல்வார். களையெடுப்பவர் மண்வெட்டியுடன் வேறு திசையிற் செல்வார். ஆணை ஒன்று, செயல் பல. எவர் என்ன செய்யவேண்டும் என்பதைக் கங்காணி ஒவ்வொருவரிடமும் விரித்துரைப்பதில்லை. அஃது அவரவர்க்கே தெரியும். அவ்வாறே, 'சம்பளத்தைக் கணக்கிடு' என்னும் ஒரே செய்தியை நிரல் எல்லாப் பொருள்களுக்கும் அனுப்பும். ஒவ்வொரு பொருளும் தன் வகைக்குரிய முறையிற் கணக்கிடும். முன்னர்க் கூறிய 'இவர் மரம் வெட்டுபவரா?' என்னும் கேள்விக்கு இங்கு இடமில்லை. குலை வெட்டுவோர் புதிதாக வந்தால் அவ்வகையை மட்டும் எழுதிச் சேர்த்தாற் போதும். சம்பளம் கேட்கும் ஆணையைத் திருத்தவேண்டுவதில்லை.

இந்நெறி வளர்த்த மொழிகள்

சிமுலாவின் கருத்து இரண்டு வழிகளிற் பரவியது. ஒரு வழி அமெரிக்க அறிஞர் ஆலன் கே காட்டியது. உயிரியலும் கற்ற அவர், 1966-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் சிமுலாவை அறியநேர்ந்தது. உடலின் உயிரணுக்கள் தனித்தனியே இயங்கி ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதைப் போல, கணினிப் பொருள்களும் செய்திகளால் உறவாடவேண்டும் என்பது அவர் கருத்து. 'பொருள்நோக்கு' என்னும் தொடரை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே. கலிபோர்னியாவிலுள்ள சீராக்சு ஆராய்ச்சி நிலையத்தில் 1970களில் அவரும் டான் இங்கல்சு, அடேல் கோல்டுபர்க் முதலியோரும் ஆக்கிய மொழி சுமால்டாக். அம்மொழியைச் சிறுவர்க்குக் கற்பித்துப் பார்ப்பதும் அவர்தம் ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக இருந்தது.

மற்றொரு வழி டென்மார்க்கு அறிஞர் பியார்னே இசுட்ரூசுட்ரப் காட்டியது. கேம்பிரிட்சில் ஆய்வு செய்தபோது சிமுலாவின் தெளிவையும், அதே வேளையில் அதன் மெதுவான ஓட்டத்தையும் அவர் கண்டார். எனவே, விரைவுக்குப் பெயர்பெற்ற 'சி' மொழியோடு வகைகளை இணைக்கும் பணியை 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கினார். அம்மொழி 1983-இல் 'சி பிளசு பிளசு' என்று பெயர் பெற்றது; 1985-இல் விற்பனைக்கு வந்தது. ஒல்லாந்தில் கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட பைத்தான், சன் நிறுவனத்தில் சேம்சு காசுலிங் முதலியோர் ஆக்கி 1995-இல் வெளியிட்ட சாவா ஆகியவை இந்நெறியை உலகெங்கும் பரப்பின.

தொடக்கப்பள்ளி ஆசிரியர் பலர் அறிந்த மொழியொன்றும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிலையத்தார் 2007-இல் வெளியிட்ட இசுகிராட்ச்சு என்னும் சிறுவர் மொழியின் முதற்பதிப்பு, சுமால்டாக் வழிவந்த இசுகுவீக் என்னும் மொழியிலேயே எழுதப்பட்டது. திரையில் நடமாடும் அதன் பூனை ஒரு பொருள். அதற்கெனத் தனிச் செய்திகளும் செயல்களும் உண்டு. 'தொடங்கு' என்னும் செய்தியை எல்லா உருவங்களுக்கும் அறிவித்தால் பூனை நடக்கும், பறவை பறக்கும். வகையும் மரபுரிமையும் அம்மொழியில் இல்லையாயினும், பொருளும் செய்தியும் எவை என்பதைச் சிறுவர் அதிற் கண்ணாற் காணலாம்.

நெறியின் எல்லை

எந்நெறிக்கும் எல்லை உண்டு. 'பறவை' என்னும் வகைக்குப் 'பறத்தல்' என்னும் செயலைத் தந்துவிட்டு, அதன் உள்வகையாகப் பென்குவினைச் சேர்த்தால் என்னாகும்? பென்குவின் பறவையே, ஆனால் பறப்பதில்லை. பறவை என்று நம்பி 'பற' என்று ஏவும் நிரல் அங்கே தடுமாறும். பொதுவகை நிற்கும் இடத்தில் உள்வகையை நிறுத்தினாலும் நிரல் பிறழாது நடத்தல் வேண்டும் என்னும் விதியை 1987-இல் விளக்கியவர் அமெரிக்க அறிஞர் பார்பரா லிசுகோவ். 2008-ஆம் ஆண்டிற்குரிய தூரிங் பரிசு பெற்றவர் அவர். பெயரளவில் இனமாவது வேறு, நடத்தையில் இனமாவது வேறு என்பதே அவ்விதியின் சாரம்.

மரபுரிமையை அளவின்றி அடுக்கினால், மேலே ஒன்றை மாற்றக் கீழே பலவும் குலைவதுண்டு. ஆகவே பிற்காலத்தார் அதனைக் குறைத்தே ஆளுகின்றனர். 2009-இல் அறிமுகமான கோ, 2015-இல் நிலைபெற்ற பதிப்பாக வந்த இரசுட்டு ஆகிய மொழிகள் வகைவழி மரபுரிமையை அறவே விலக்கி, பொதிவையும் பல்லுருவாக்கத்தையும் வேறு வழிகளிற் பேணுகின்றன.

விடுபடுவது எது?

இவை யாவற்றினும் ஆழ்ந்து கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒரு வகையை வரையறுத்தல் என்பது சிலவற்றைக் கொள்வதும் பலவற்றைத் தள்ளுவதுமாகும். இதனை 'அருவமாக்கம்' என்பர். 'தொழிலாளி' என்னும் வகையில் பெயர், எண், நாள், எடை ஆகியவை இடம்பெற்றன. மழையால் வெட்டு நின்ற நாள் இடம்பெற்றதா? மரம் முதிர்ந்து பால் குறைந்தது இடம்பெற்றதா? கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவர நேரமானது இடம்பெற்றதா? வகையில் இல்லாதது கணினிக்குத் தெரியாது. கணினிக்குத் தெரியாதது கணக்கில் வாராது. எனவே வகையை எழுதுபவர் யார், யாரைக் கேட்டு எழுதினார் என்பது நிரலாளரின் தனிக்காரியமன்று.

இதனை முதலில் உணர்ந்தவர்களுள் நைகார்டும் ஒருவர். வேலையிடத்தை நுணுக்கமாக விவரிக்கும் கருவியொன்றை ஆக்கியவர், அக்கருவி தொழிலாளரின் வாழ்வையும் மாற்றவல்லது என்பதைக் கண்டார். 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். ஆலைகளிற் புகுத்தப்படும் கணினி அமைப்புகளைத் தொழிலாளர் தாமே ஆராய்ந்து தம் கருத்தைக் கூறுதற்கு அம்முயற்சி வழிவகுத்தது. அவர்களுக்கெனப் பாடநூலும் எழுதப்பட்டது. 1975-இல் நோர்வேயின் தொழிற்சங்கப் பேரவையும் முதலாளிமார் சங்கமும் செய்துகொண்ட உடன்படிக்கை, புதிய கணினி அமைப்புகளைப் பற்றிய செய்தி தொழிலாளர் பேராளர்களுக்குத் தரப்படவேண்டும் என்றது. அச்செய்தி, தனிப்புலமை இல்லாதவர்க்கும் விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும் என்றும் வற்புறுத்தியது.

டாலும் நைகார்டும் 2001-ஆம் ஆண்டிற்குரிய தூரிங் பரிசைப் பெற்றனர். இருவரும் 2002-இல் சில வார இடைவெளியில் மறைந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற நெறியை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், மொழியின் குறியீடுகளோடு நின்றுவிடுதல் போதாது. வகுப்பில் ஒரு பொருளைக் காட்டி, அதனிடம் உள்ளவை எவை, அது செய்பவை எவை என்று தாளில் எழுதச் செய்யலாம். கணினியே இல்லாத பள்ளியிலும் இது கைகூடும். பின், இருவர் எழுதிய பட்டியல்களை ஒப்பிட்டு, ஒருவர் கொண்டதை மற்றவர் ஏன் விட்டார் என்று கேட்கலாம். அக்கேள்வியை இளமையிலேயே கேட்டுப் பழகிய மாணவன், நாளை நிரல் எழுதுவோனாயினும், நிரலாற் கணக்கிடப்படுவோனாயினும், 'இதில் விடுபட்டது எது?' என்று கேட்க அஞ்சான்.

விளங்கும் மொழியில் அறிந்துகொள்வது தொழிலாளரின் உரிமை என்று நோர்வே வகுத்தது. அவ்வுரிமை தமிழ் மட்டுமே நன்கறிந்தவர்க்கும் உண்டு. கணினியைத் தமிழில் விளக்கும் ஆசிரியர் செய்வது அவ்வுரிமையை நிறைவேற்றும் பணியேயாம்.